ஏகாம்பரத்தின் சாயாத பொழுது

சூரியன் மறைவதில்லை, பூமிதான் சுற்றுகிறது என்பதை உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கதி காதில் விழுந்த அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டாடக் கிளம்பியவர், நாம் விசாரித்த வரையில், நகரி தறிக்காரத் தெரு ஏகாம்பரம் ஒருவர்தான்.

சூரியனுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அதை உண்டாக்கியவள் ஏகாம்பரத்தின் மனைவி தாட்சாயணி.

ஏகாம்பரத்தின் வீட்டில் இரண்டு தறி. முன்கூடத்துத் தறியில் பகலெல்லாம் நெசவாளர் சங்கத்துக்கு லுங்கி நெய்வார். உள்கூடத்துத் தறியில், பொழுது சாய்ந்தபிறகு நெய்ய, ஒரு புடவை ஏறியிருந்தது. மச்சினி செல்விக்கு ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று பாயசம் தந்த உற்சாகத்தில் ஏகாம்பரம் எழுந்து நின்று, "பொண்ணுக்குப் புடவை என் கையால நெய்ஞ்சது! மாங்காய்க் கரை!" என்று சபையில் அறிவித்துவிட்டார். சம்பந்தி வீட்டார் கைதட்டினார்கள். தாட்சாயணிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குப் பெருமைப்பட்டவள், இரண்டு மாதம் கழித்துப் போய் அளந்து பார்த்தால் புடவை ஒன்றரை முழம் இருந்தது. இன்னும் பத்தரை முழம் பாக்கி.

காரணம் ரம்மி. பொழுது சாய்ந்ததும் தறிக்குழியிலிருந்து ஏறி முகம் கழுவினால், ஏகாம்பரத்தின் கால்கள் அவரைக் கேட்காமலே கன்னையாவின் சைக்கிள் கடைக்குப் போய்விடும். அங்கே காசு வைத்தெல்லாம் ஆட்டம் கிடையாது. புளியங்கொட்டைதான். ஏகாம்பரம் அதுவரை ஜெயித்த புளியங்கொட்டையைக் கொட்டி வைத்தால் ஒரு புளியந்தோப்பையே முளைக்க வைக்கலாம்.

தாட்சாயணி கத்தவில்லை. சித்திரை மாதத்தில் ஒருநாள் அவரைக் காணிப்பாக்கத்துக்கு அழைத்துப் போனாள். காணிப்பாக்கம் பிள்ளையார் எதிரில் சத்தியம் செய்தால் செய்ததுதான். பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கண் போகும், வாய் கோணும் என்று சித்தூர் ஜில்லா முழுக்கத் தெரியும். குடிகாரன், திருடன், பங்காளிச் சண்டைக்காரன் எல்லாரும் அங்கே குளத்தில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு நின்று ஒழுங்காகிவிட்டுத்தான் போவார்கள். ஏகாம்பரமும் முங்கினார். "பொழுது சாஞ்சப்புறம் சீட்டைத் தொட மாட்டேன்" என்று பல் கிடுகிடுக்கச் சொன்னார்.

அதன் பிறகு புடவை வளர்ந்தது. ஏகாம்பரம் தேய்ந்தார்.

ஒருதரம் தப்பிக்கப் பார்த்ததும் உண்டு. அந்த அறுபதாம் வருஷத்து ஏப்ரலில்தான் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, பக்கத்தில் இருந்த பொதட்டூர்பேட்டை மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திராவோடு நின்றுவிட்டது. மற்றவர்கள் தாலுகா ஆபீஸ், பிள்ளைகள் படிப்பு, பாஷை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஏகாம்பரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போய் இரண்டு ஆட்டம் போட்டுவிட்டு வந்தார். தாட்சாயணியின் பெரியப்பா மகன் அந்த ஊரில் இருக்கிறான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாளே சேதி வந்துவிட்டது.

"சத்தியம் செஞ்சது ஆந்திராவுலமே. ஆடுனது மெட்ராசு. இந்த ராஜ்ஜியத்துச் சத்தியம் அந்த ராஜ்ஜியத்துல எப்படிச் செல்லும்?"

"சோறு மட்டும் இந்த ராஜ்ஜியத்துல துன்ன வந்துட்ட?"

"அது வந்து..."

"நாளையிலேர்ந்து அங்கயே துன்னுட்டு வா மாமா. அவுங்களும் அரிசி வச்சிருப்பாங்க."

அத்தோடு பொதட்டூர்பேட்டை மூடப்பட்டது.

இப்படி ஏகாம்பரம் வாடிக் கிடந்த சமயத்தில்தான் தாமோதரன் வாத்தியார் சங்கத்து வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஆரம்பித்தார். நெசவாளிகளுக்கு விஞ்ஞானம் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வாரத்துத் தலைப்பு, பகலும் இரவும் ஏன் வருகின்றன என்பது. வேறு போக்கிடம் இல்லாத ஏகாம்பரம் முதல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கன்னையா.

"சூரியன் உதிக்கறதும் இல்ல, சாயறதும் இல்ல. அது இருந்த எடத்துலயே கீது. பூமிதான் தன்னைத் தானே சுத்துது. சூரியனைப் பாத்த பக்கம் பகல். முதுகு காட்டுன பக்கம் ராத்திரி" என்றார் வாத்தியார்.

யாருக்கும் ஏறவில்லை என்று வாத்தியாருக்குத் தெரிந்தது. உள்ளூர் உதாரணம் ஒன்றை எடுத்துவிட்டார்.

"அம்பத்தி மூணுல நாம மெட்ராஸ் ராஜ்ஜியத்துலேர்ந்து ஆந்திராவுக்கு வந்தோமே, மூட்டை கட்டிக்கினா வந்தோம்? தறியத் தூக்கிக்கினா வந்தோம்? இருந்த எடத்துலயே இருந்தோம். ராஜ்ஜியந்தான் மாறுச்சு. அதே மாதிரிதான் சூரியனும். அது இருந்த எடத்துலயே இருக்குது. பொழுதுதான் மாறுது."

கன்னையா கையைத் தூக்கினான். "அப்ப சூரியன்தான் நாமளா சார்?"

"இல்லப்பா. நாம பூமி."

"நாமதான் நகரலன்னு இப்ப சொன்னியே."

"அது ராஜ்ஜிய விஷயத்துல. இதுல நாமதான் நகர்றோம்."

"அப்ப நகரி நகருதா, நகரலியா?"

வாத்தியாருக்கே ஒரு நிமிஷம் நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறித் திருப்பதிக்குப் போகும்போது பனைமரமெல்லாம் பின்னால் ஓடுவதாகத் தெரிகிறதே, மரமா ஓடுகிறது என்று கேட்டார். அது சிலருக்குப் புரிந்தது. பூமி இந்தச் சுற்று சுற்றினால் கிணற்றுத் தண்ணீர் ஏன் கொட்டுவதில்லை என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். கூட்டம் அதோடு குழம்பிக் கலைந்தது.

ஏகாம்பரத்துக்கும் ரயில், மரம், கிணறு ஒன்றும் ஏறவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் ஏறியிருந்தது. பொழுது சாய்வதில்லை. சாய்வதே இல்லை! சாயாத பொழுது சாய்ந்தபிறகு சீட்டைத் தொட மாட்டேன் என்று அல்லவா சத்தியம் செய்திருக்கிறார்? அப்படியானால், பொதட்டூர்பேட்டை நீங்கலாக, இரண்டு மாதமாகத் தொடாமல் இருந்தது எவ்வளவு பெரிய அநியாயம்! அவருக்குத் தன்மீதே இரக்கம் பொங்கி வந்தது.

வீட்டுக்கு ஓடினார். தாட்சாயணி அரிக்கேன் விளக்கை அப்போதுதான் ஏற்றி வைத்துவிட்டு, ராட்டையின் முன்னால் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் ஊறுகாய்க்கு வைத்திருந்த நார்த்தங்காயில் பெரியதாக ஒன்றை எடுத்து, ராட்டையின் இரும்புக் கதிர் ஒன்றை அதன் நடுவில் சொருகினார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார்.

"இன்னா மாமா, நார்த்தங்காய்க்கு நிச்சயதார்த்தமா?"

"இது பூமி. இந்தப் பொட்டு நகரி. விளக்குதான் சூரியன். பாத்துக்கினே இரு."

கதிரைப் பிடித்துச் சுற்றினார். காய் சுற்றவில்லை, கதிர் மட்டும் சுற்றியது. காயைப் பிடித்துச் சுற்றினார். பொட்டு அவருடைய விரலுக்கு அடியில் போயிற்று. கடைசியில் காயை வைத்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"சூரியன ஏன் தூக்கிக்கினு சுத்துற?"

"சூரியன் சுத்தாது."

"சுத்திக்கினு இருக்குதே."

"நான் சுத்துறேன். சூரியன் நிக்குது."

"அப்ப பூமி?"

"அதுவும்... இல்ல, அதுதான் சுத்துது. இரு. நீ கேள்வி கேட்டா எனக்கு மறந்துபூடும்."

தாட்சாயணி எழுந்து வந்தாள். விளக்கை வாங்கித் தரையில் வைத்தாள். கதிரைக் காயில் இறுகக் குத்தி, இரண்டு விரலால் மெல்லத் திருப்பினாள். சுண்ணாம்புப் பொட்டு வெளிச்சத்துக்கு வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நம்ம ஊரு மூக்கு மலைகூடவா சுத்துது?"

"எல்லாந்தான்."

"நல்லாத்தான் கீது. சரி, இதுக்கு ஏன் சட்டையப் போட்டுக்கினு நிக்கிற?"

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொழுது சாயறதே இல்லன்னு ஆயிடுச்சி பாரு. சாயாத பொழுத வச்சிச் செஞ்ச சத்தியம் செல்லாது. நான் சொல்லல. சயின்சு சொல்லுது."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிவிட்டார். பின்னால் ஏதாவது வந்து விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார். ஒன்றும் விழவில்லை.

நாலு நாள் ஆடினார். நாலு நாளும் தாட்சாயணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேளைக்குச் சோறு போட்டாள், தார் சுற்றினாள். உள்கூடத்துப் புடவை ஏழு முழத்தில் நின்றது. அந்தப் பக்கம் போகும்போது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏகாம்பரத்துக்கு அது சுருக்கென்றது. புடவை இல்லாமல் கல்யாணத்தில் போய் எந்த முகத்தோடு நிற்பது என்று அவருக்கும் தெரியும். கூடவே பிள்ளையார் ஞாபகமும் வந்தது. பிள்ளையாருக்குச் சயின்ஸ் தெரியுமோ தெரியாதோ! காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடிப்போய் வாயைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"கன்னையா, நல்லாப் பாத்துச் சொல்லு. என் வாய் கோணலாவா கீது?"

"ஆமா."

ஏகாம்பரம் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "எப்பலேர்ந்து?"

"நம்ம ஒண்ணாங் கிளாசுலேர்ந்து."

வியாழக்கிழமை சாப்பாடு போடும்போது தாட்சாயணி தானாகவே பேச்செடுத்தாள்.

"மாமா, எனக்கு ஒரே பயமாக் கீது. நீ சொன்னது சரிதான். பொழுது சாயறதில்ல. தெரியாத்தனமா சாமிகிட்டத் தப்பா சொல்லிட்டோம். ஆனா அவரு ஏமாத்திட்டான்னு நெனச்சிக்கினாருன்னா?"

ஏகாம்பரம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "இன்னா செய்யலாம்ன்ற?"

"மறுபடி போயி, சயின்சுப்படி சரியா சொல்லிட்டு வந்துடலாம். வார்த்தைய நீயே சொல்லு. எனக்கு இன்னா தெரியும்?"

கடைசி வார்த்தை ஏகாம்பரத்தைக் குளிப்பாட்டியது. பத்து வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. சனிக்கிழமை காலை சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு யோசித்தார். 'பொழுது' வேண்டாம். 'ராத்திரி' என்று வைத்துக்கொண்டால்? ராத்திரி என்றால் எட்டு மணிக்கு மேல். ஆறிலிருந்து எட்டு வரை சந்தியாகாலம், அது ராத்திரியில் சேராது. தினம் இரண்டு மணி நேரம் ரம்மி, அப்புறம் தறி. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ரம்மி. புடவையும் முடியும், சாமிக்கும் கோபம் இல்லை. தன் மூளையை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ராத்திரி நேரத்துல சீட்டத் தொட மாட்டேன். இப்படிச் சொல்லிடறேன்."

"நல்லாக் கீது" என்றாள் தாட்சாயணி. பிறகு முந்தானையைத் திருகிக்கொண்டு, "ஆனா நீ பொதட்டூர்பேட்டைக்கு ஓடுனியே மாமா. நாளைக்கு வேற ராஜ்ஜியம், வேற சத்தியம்னு ஆரம்பிச்சன்னா?" என்றாள்.

"இனிமே போவ மாட்டேன்."

"சொம்மா ஒரு வார்த்தை சேத்துக்க. பூமியில எந்த ராஜ்ஜியத்துல ராத்திரியா இருந்தாலும்னு."

ஏகாம்பரம் உரக்கச் சிரித்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அடப் பைத்தியம்! நகரியில ராத்திரின்னா பொதட்டூர்பேட்டையில மட்டும் வெயில் அடிக்குமா? எல்லாம் ஒரே ராத்திரிதான்மே. சேத்துக்கினா இன்னா, சேக்காட்டி இன்னா?"

"அப்ப சேத்துக்க. என் மனசு ஆறும்."

சேர்த்துக்கொண்டார். குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு சன்னதியில் நின்று, "பூமியில எந்த ராஜ்ஜியத்துல ராத்திரியா இருந்தாலும், நான் சீட்டத் தொட மாட்டேன்" என்று கணீரென்று சொன்னார். சொல்லிக்கொடுத்த பாடம் போல இல்லாமல் சொந்தமாகச் சொல்வதாகவே தோன்றியது. ஐயர் கற்பூரத் தட்டோடு அவரை மேலும் கீழும் பார்த்து, எதற்கு இவ்வளவு பெரிய சத்தியம் என்று தெலுங்கில் கேட்டார்.

"எந்துக்கய்யா இந்த்த பெத்த பிரமாணம்?"

"சயின்ஸ் சாமி" என்றார் ஏகாம்பரம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி வெயில் தெருவைப் பொரித்துக்கொண்டிருந்தது. கன்னையாவின் கடையில் ஏகாம்பரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டைப் பிரித்தார். பிரித்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. கையிலேயே ரம்மி, கூட இரண்டு ஜோக்கர். இன்னும் ஒரே ஒரு ராணி, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணி, வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இப்படி ஒரு கை அவருக்குப் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. தாமோதரன் வாத்தியார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

தெருக்கோடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் ஒரு பொம்பளை கையில் எரிகிற அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். இன்னொரு கையில், கதிர் சொருகிய நார்த்தங்காய். காய் வாடிச் சுருங்கியிருந்தது. சுண்ணாம்புப் பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

"வூட்ல இன்னா கொறைச்சல்னு இங்க வந்த?" என்றார் ஏகாம்பரம், சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

தாட்சாயணி விளக்கைக் கடைக்குள் இருண்ட மூலையில் வைத்தாள். பொட்டு வெளிச்சத்தைப் பார்க்கும்படி காயைப் பிடித்தாள்.

"இது எந்த ஊரு மாமா?"

"நகரி."

"இங்க இப்ப பகலா, ராத்திரியா?"

"பகலு. தெரியல? கண்ணு அவிஞ்சிபோவுது வெயில்ல."

"காயத் திருப்பாம, அந்தாண்டப் பக்கம் எட்டிப் பாரு. அங்க இன்னா கீது?"

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். காயின் பின்பக்கம் கருகருவென்று இருட்டாக இருந்தது.

"இருட்டு" என்றார்.

"அதுக்கு இன்னா பேரு?"

கன்னையாதான் சொன்னான். "ராத்திரி. வாத்தியாரு அன்னிக்கே சொன்னாரு. முதுகு காட்டுன பக்கம்."

"வாத்தியாரே, அந்தப் பக்கம் ராஜ்ஜியம் ஏதாச்சும் கீதா?"

தாமோதரன் வாத்தியார் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அமெரிக்கா கீதும்மா. அங்க இப்ப நடு ராத்திரி" என்றார்.

ஏகாம்பரத்துக்குத் தலை சுற்றியது. பூமி சுற்றுவதை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக உணர்ந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"சரி சரி, அமெரிக்கா விடியட்டும். விடிஞ்சப்புறம் ஆடிக்கிறேன்."

"விடிஞ்சா இங்க இருட்டிடும்" என்றான் கன்னையா.

"யோவ், நீ எந்தக் கட்சி? வாத்தியாரே, எங்கயுமே ராத்திரி இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்குமே? ஒரு அரை மணி? கால் மணி?"

"கெடையாது ஏகாம்பரம். எப்பவும் பூமியில பாதிக்கு ராத்திரிதான்."

"பாதின்னா எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அன்னிக்கு இத்த சொல்லலியே நீ!"

"அன்னிக்குக் கிணத்துத் தண்ணில நின்னுட்டோம். புதன்கிழமை உன் சம்சாரம் வந்து கேட்டுச்சி, சொன்னேன். முறுக்குகூட எடுத்தாந்துச்சி" என்று வாத்தியார் இழுத்தார். "நல்ல முறுக்கு."

ஏகாம்பரம் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். ரம்மி. இரண்டு ஜோக்கர். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பிறகு பிள்ளையாரை நினைத்தார். வாயோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பதிமூன்று சீட்டையும் சுடுகிற பாத்திரத்தை வைப்பது மாதிரி அவசரமாகக் கீழே வைத்தார். கன்னையா அடுத்த சீட்டை எடுத்துத் திருப்பினான். ஆட்டின் ராணி.

தாட்சாயணி விளக்கை ஊதி அணைத்துவிட்டு முன்னால் நடந்தாள். ஏகாம்பரம் நார்த்தங்காயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வீட்டில் அவர் உள்கூடத்துத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் ராட்டையைப் போட்டுக்கொண்டு தார் சுற்றினாள். புடவை ஏழு முழத்திலிருந்து நகர ஆரம்பித்தது. கரையில் மாங்காய் ஒன்று பாதி வந்திருந்தது, அது முழுசாயிற்று. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அது ஏகாம்பரத்துக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் ஒத்துக்கொள்வதாக இல்லை. கை நெய்தது, மனசு மட்டும் எங்கேயாவது ஒரு சந்து கிடைக்குமா என்று பூமி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது. சட்டென்று தறியில் குறுக்கே ஓடிய நாடாவை நிறுத்தினார்.

"ஏமே, இந்தப் பூமி என்னிக்காச்சும் சுத்தாம நின்னுபோச்சின்னா?"

ராட்டை நிற்கவில்லை. "நின்னாலும் ஒரு பக்கம் ராத்திரிதான். அதையும் வாத்தியார்கிட்ட கேட்டுட்டேன் மாமா, நாடாவ ஓட்டு."